சுமைதாங்கி விலக்கில் காட்டிய கை

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கருங்காணி ஊர் முழுக்க மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தபோது, பூவலிங்கம் தன் குட்டியானை வண்டியில் சோளத்தட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து, பிள்ளையார் கோயில் முக்கில் வழக்கம்போல வலது கையை வெளியே நீட்டி, வழக்கம்போல வலது பக்கம் திரும்பினான். அவன் பின்னால் வந்த மழையும் திரும்பியது. இடது பக்கத் தெருவில் ஒரு வற்றல்கூட நனையவில்லை. வலது பக்கத் தெருவில் ஒரு வண்டி அகலத்துக்கு அவன் வீட்டு வாசல்வரைக்கும் பெய்துகொண்டே வந்து, அவன் நிறுத்துவதற்காக முழங்கையை மடக்கிக் கையை மேலே தூக்கியதும், அதுவும் நின்றது.

வற்றலை அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. "இந்த நேரத்துல யாரைக் கேட்டு மழையக் கூட்டிட்டு வந்திய?" என்று அவனைத்தான் ஏசினார்கள். மழை ஏன் அவன் பின்னால் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் பிற்பாடு எத்தனையோ விதமாகக் கேட்டார்கள். கருங்காணிக்காரர்களிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. பின்னால் வருகிறவனை மதித்து ஒழுங்காகக் கை காட்டுகிற ஆள் அந்தச் சாலையில் அவன் ஒருத்தன்தான், பிறகு அது வேறு யார் பின்னால் போகும் என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை.

அது பொய்யும் இல்லை. பூவலிங்கம் வாலிபத்தில் லைசென்ஸ் எடுக்கப் போனபோது, கை காட்டத் தெரியவில்லை என்று பிரேக் இன்ஸ்பெக்டர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறை போவதற்குள் அந்த ஐந்து கையும் அவன் உடம்பில் ஏறிவிட்டன. வலது பக்கம் திரும்ப நீட்டுகிற கை, இடது பக்கம் திரும்ப வட்டம் போடுகிற கை, மெதுவாகப் போகிறேன் என்று மேலும் கீழும் தட்டுகிற கை, நிற்கப் போகிறேன் என்று மடக்கித் தூக்குகிற கை, நீ என்னை முந்திப் போ என்று பின்னிருந்து முன்னால் வீசுகிற கை. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே எல்லோரும் மறந்துவிடுகிற அந்த ஐந்தையும் அவன் ஐம்பத்திரண்டு வயதுவரை மறக்கவில்லை. இண்டிகேட்டர் எரிந்தாலும் காட்டினான், எரியாவிட்டாலும் காட்டினான். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் காட்டினான். நடந்து போகும்போதும் காட்டினான். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது அவன் நீட்டிய கை மனைவி முத்துப்பேச்சியின் மூக்கில் பட்டு ரத்தம் வந்ததால், அவள் அன்றிலிருந்து அவனுக்கு இடது பக்கம் மாறிப் படுத்துக்கொண்டாள்.

கருங்காணியிலிருந்து கிழக்கே போகிற சாலை மூன்றாவது மைலில் இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் ஓடையின் தரைப்பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரியும் பஜாரும் இருக்கிற டவுன். வலது பக்கம் போனால் ஏழுவிளை. ஏழுவிளையையும் கடந்துபோனால் கடல். பிரிகிற இடத்தில் பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு சுமைதாங்கிக் கல் நிற்பதால், அதற்குச் சுமைதாங்கி விலக்கு என்று பெயர். மழை வருவதற்கு வெகுநாள் முந்தி, ஒருதரம் அந்த விலக்கில் டவுனுக்குப் போக வேண்டிய பூவலிங்கம் ஏதோ நினைப்பில் வலது கையை நீட்டிவிட்டான். உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் வலது பக்கமே திரும்பி ஏழுவிளைவரைக்கும் போய், அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்காய வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு, "பின்னால ஒரு நாயும் வரலய வே, பேசாம இடது பக்கம் ஒடிச்சா என்ன?" என்றார். "காட்டியாச்சுல்லா," என்றான் பூவலிங்கம். அது அந்த வட்டாரத்தில் பல நாள் கேலிப் பேச்சாக இருந்தது. பொண்ணு பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் விழிக்கிறவனைப் பார்த்து, காட்டியாச்சுல்லா, போய்த்தான் ஆகணும் என்பார்கள்.

மழை அவன் பின்னால் வரத் தொடங்கிய பிறகு கேலி நின்றுவிட்டது. பங்குனி முடிவதற்குள் ஊர் அதற்கென்று ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டது. உளுந்து வாடுகிறவர்கள் முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், அவன் மறுநாள் அவர்கள் புஞ்சை ஓரமாக மேலும் கீழும் கையைத் தட்டியபடி மெதுவாக ஓட்டிப் போவான், மழையும் வேகத்தைக் குறைத்து நின்று நிதானமாகப் பெய்யும். வேட்டி துவைத்துப் போடுகிறவர்கள், "இன்னைக்கு எந்தப் பக்கமா போறிய?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடி கட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைத்து, வெற்றிலை பாக்குக் கொடுத்து, தயவுசெய்து வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவனும் கோபித்துக்கொள்ளாமல் அன்று வெளியூர் லோடு பார்த்துக்கொண்டான். அவன் வண்டிக்கும் மழைக்கும் நடுவில் யாரும் சைக்கிளைக்கூட நுழைக்கக் கூடாது, அது மரியாதை இல்லை என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் அத்தனை பேரும் கை காட்டப் பழகினார்கள். இத்தனை நாள் எருமை மாதிரி நினைத்த இடத்தில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், மழை பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற கூச்சத்தில், தெருமுக்கு வந்தால் கையை நீட்டினார்கள். புருஷன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி இடுப்பிலிருந்த பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு கை காட்டினாள். அந்த வருஷம் கருங்காணியில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை.

ஏழுவிளைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் ஊர் லாரி டிரைவர் ஒருவர் மழைக்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் கையை நீட்டிப் பார்த்தார். மழை அவரைச் சட்டை செய்யவில்லை. பூவலிங்கத்தின் வண்டியையே இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். மழை டீக்கடையில் உட்கார்ந்திருந்த பூவலிங்கத்தின் பின்னாலேயே நின்றது. கடைசியில் ஏழுவிளைப் பஞ்சாயத்துத் தலைவி பாக்கியத்தாய், நாலு பேர் பேசுகிற சத்தத்தில் தனி ஆளாகப் பேசக்கூடியவள், நேரில் வந்து முறை வைத்துக் கேட்டாள். "அண்ணாச்சி, வாரத்துல ஒரு நாள் எங்க பக்கமும் திரும்புங்க. எங்க கம்மாயும் காஞ்சுதான் கெடக்கு." பூவலிங்கம் ஒத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமைதோறும் சுமைதாங்கி விலக்கில் வலது கையை நீட்டி, வலது பக்கம் திரும்பினான். மழை ஏழுவிளைக்குப் போயிற்று.

அப்படியே நடந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. கார்த்திகை பிறந்தது. மாசியில் ஒரு வண்டி அகலத்துக்கு வந்த அதே மழைதான், ஐப்பசி முழுக்கக் கண்ணில் படாமல் கடலுக்குள் போய்க் கிடந்துவிட்டு, அங்கே எதைத் தின்றதோ, ஓரம் தெரியாத அளவுக்கு வளர்ந்து கன்னங்கரேலென்று திரும்பி வந்தது. மேற்கே லோடு இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்த பூவலிங்கம் பயந்துபோய் ஊர் எல்லையிலேயே கையை மடக்கித் தூக்கி, வண்டியைக் கொட்டகையில் போட்டு, கதவைச் சாத்தினான். மழையும் மேலக்காட்டுப் பனைகளுக்கு மேல் நின்றது. மூன்று நாள் அது ஒரு சொட்டு விடாமல் அங்கேயே உறுமிக்கொண்டு நிற்க, ஊரில் ஒருத்தரும் சத்தமாகப் பேசவில்லை, வண்டி ஓட்டியவர்கள் ஹார்ன் அடிக்கவில்லை, கிணற்றடியில் குடம் வைக்கும்போதுகூட மெதுவாக வைத்தார்கள். "வண்டிய எடுத்துராதிய," என்று வந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தான்.

நான்காம் நாள் விடிந்து காக்கை கரைகிற நேரத்துக்கு பிரசவத்துக்கு வந்திருந்த அவன் மகள் அனுசுயாவுக்கு வலி எடுத்தது.

அனுசுயா அவனுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி ஏழாவது வருஷத்தில், கோயில் கோயிலாகப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இப்போதுதான் முதல்முறையாக உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை. எந்தக் கடலில் இருந்தானோ. நர்ஸ் கிரேசி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள், இரண்டாம் தரமும் தடவிப் பார்த்தாள், பிறகு முத்துப்பேச்சியை விட்டுவிட்டுப் பூவலிங்கத்திடம் வந்தாள்.

"பிள்ள குறுக்க கெடக்கு அண்ணாச்சி. ஒரு மணி நேரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். இங்க வச்சு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"ஆம்புலன்ஸ்?"

"கேட்டுட்டேன். அது தெக்க ஒரு ஊருக்குப் போயிருக்கு. வர ரெண்டு மணி நேரம் ஆவும்." அவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள், பனைகளுக்கு மேலே பார்த்தாள்.

பூவலிங்கம் அரிசிப் பானைக்குள் கையை விட்டான்.

வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, மெத்தை விரித்து அனுசுயாவைக் கிடத்தினார்கள். முத்துப்பேச்சியும் நர்சும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மேலக்காட்டில் பனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மூன்று நாளாக நின்ற மழை புறப்பட்டது. தெருவில் நின்றவர்கள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள். பூவலிங்கம் கண்ணாடியில் பார்த்தான். சாலை தெரியவில்லை, கருங்காணி தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் அவன் ஓட்டுகிற அதே வேகத்தில், அவன் விடுகிற அதே இடைவெளியில், ஒழுங்காகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

முதல் மைலில் அவன் கணக்குப் போட்டான். தரைப்பாலத்தில் இப்போதே கணுக்கால் தண்ணீர் ஓடுகிறது என்று காலையில் பால்காரர் போனில் சொல்லியிருந்தார். இந்த மழை இடது பக்கம் திரும்பி ஓடையின் தலைமாட்டில் கொட்டினால், பத்து நிமிஷத்தில் பாலம் போய்விடும். அக்கரையில் ஆஸ்பத்திரி, இக்கரையில் அனுசுயா. இரண்டாவது மைலில், கையைத் தூக்கி நிறுத்திவிடலாமா என்று நினைத்தான். நிற்கிறேன் என்று காட்டினால் தானும் நிற்க வேண்டும்; வண்டியில் வேறு ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. பின்னால் அனுசுயா, "அப்பா, அப்பா," என்று கூப்பிட்டாள். சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்த்துப் பயந்தபோது கூப்பிட்ட அதே குரல். மூன்றாவது மைலில் அவன் கணக்குப் போடுவதை விட்டுவிட்டான்.

சுமைதாங்கி விலக்கு வந்தது. பூவலிங்கம் தன் வலது கையை வெளியே விட்டு, உள்ளங்கை முன்னால் தெரிய, தோளுக்கு நேராக, பிரேக் இன்ஸ்பெக்டரே பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி நீட்டினான். கையை அப்படியே நீட்டியபடி ஸ்டியரிங்கை இடது கையால் இடது பக்கம் ஒடித்தான்.

வண்டி இடது பக்கம் திரும்பியது. மழை வலது பக்கம் திரும்பியது.

தார்ப்பாய் விலகிய சந்தில் முத்துப்பேச்சி அந்தக் கையைப் பார்த்தாள். "ஏங்க, கை..." என்று ஆரம்பித்தவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது, அக்கரையில் வெயில்கூட அடித்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா திட்டிக்கொண்டே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார். எட்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பூவலிங்கம் குழந்தையை வாங்கவில்லை. "நீ வச்சுக்க," என்று முத்துப்பேச்சியிடமே விட்டுவிட்டு, வராந்தாவில் தெற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டான். தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பாக்கியத்தாய் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சேலை முழங்கால்வரை சேறு, குரல் கம்மிப்போயிருந்தது. வந்தவள் முதலில் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தாள், நெற்றியில் விரலை வைத்து எடுத்தாள், பிறகு வராந்தாவுக்கு வந்து அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மழை எங்க ஊர்லதான் நிக்கி அண்ணாச்சி."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"சும்மா நின்னாலும் பரவால்ல. தேடுது. கெழக்க கோடிவரைக்கும் போவுது, திரும்பி வருது. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு பாத்துட்டுப் போவுது. வண்டி நிக்கிற கொட்டகைய எல்லாம் ஓடு பிரிச்சுப் பாத்துட்டு. எங்க லாரி டிரைவர் வண்டிய எடுத்துட்டு வெளிய போனாரு, பின்னாலயே ஓடி வந்து, அவரு மொகத்தப் பாத்துட்டு, அப்படியே திரும்பிட்டு. கம்மாய் நெறஞ்சு மடைக்குப் பக்கத்துல கரை கசியுது. மூணு நாளா ஆம்பள பொம்பள எல்லாம் மண்ணு மூட்டை அடுக்குதோம். இன்னைக்குப் பொழுதுக்குள்ள அது நிக்கலன்னா நூத்தி நாப்பது வீடும் போயிரும்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. அன்னைக்கு விலக்குல எங்க பக்கம் கை காட்டுனியளா?"

"காட்டுனேன்."

"ஆனா திரும்பல."

"திரும்பல தாயி. பிள்ளைக்காகக் காட்டுனேன். உங்க ஊரு அழியணும்னு நெனைக்கல. அந்த நேரத்துல உங்க ஊரே என் நெனப்புல இல்ல."

பாக்கியத்தாய் சேலையில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். "எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு. நானும் காட்டியிருப்பேன்," என்றாள் கடைசியில். "அதுக்காவ நான் இப்ப சும்மா போக முடியாது. எந்திரிங்க. வந்து உங்க மழையக் கூட்டிட்டுப் போங்க."

முத்துப்பேச்சி குழந்தையோடு ஓடி வந்து வழியை மறித்தாள். "போவாதிய. அது இத்தன நாளு ஏமாந்துபோயி அலஞ்சிட்டுக் கெடக்கு. உங்களக் கண்டா சும்மா விடுமா? அடிச்சுப் போட்டுரும்." பூவலிங்கத்துக்கும் அந்தப் பயம்தான். மூன்று நாளும் சோறு இறங்காமல் இருந்ததே அந்தப் பயத்தில்தான், வெட்கத்தில்தான். இரண்டில் எது பெரிது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் முதல்முறையாகக் குழந்தையை வாங்கி, அதன் கையைப் பிரித்துப் பார்த்தான், ஐந்து விரலும் இருந்தன, திரும்பவும் அவளிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு நடந்தான்.

பாக்கியத்தாய் முன்னால் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தரைப்பாலம் தாண்டிச் சுமைதாங்கி விலக்குக்கு வந்ததும், ஏழுவிளைப் பக்கம் திரும்பாமல் அவன் நேரே கருங்காணிச் சாலையில் போனான்.

"எங்க போறிய? அங்க கரை ஒடையப் போவுது!"

"பொறு தாயி."

அரை மைல் போய் வண்டியைத் திருப்பினான். அன்றைக்கு வந்தமாதிரியே, அதே பக்கமிருந்து, அதே வேகத்தில் விலக்குக்கு வந்தான். பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் சாலை. வலது கையை நீட்டினான். கையை நீட்டியபடி வலது பக்கம் திரும்பினான்.

"அன்னைக்குக் காட்டுன கைக்கு இன்னைக்குத்தான் திரும்புதேன்," என்றான்.

ஏழுவிளைக்கு இரண்டு மைல் இருக்கும்போதே மழை எதிரே வந்தது. அவனுக்குத் தெரிந்த ஐந்து கையும் பின்னால் வருகிறவனுக்குக் காட்டுகிற கை. எதிரே வருகிறவனுக்குக் காட்ட அவனிடம் ஒன்றுமில்லை. வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான். மழை முகப்புக் கண்ணாடியில் வந்து அறைந்தது. வைப்பர் முறிந்து பறந்தது, தார்ப்பாய் கிழிந்து போயிற்று, வண்டி ஒரு பக்கச் சக்கரத்தில் எழும்பி விழுந்தது. பாக்கியத்தாய் குனிந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தன் பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். பூவலிங்கம் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே தலையை நீட்டி, வாயிலும் மூக்கிலும் தண்ணீர் ஏற, கத்தினான்.

"நான்தான்! பொய்க் கை காட்டிட்டேன். தப்புதான். மகளுக்காகக் காட்டிட்டேன். என்னை என்ன வேணாலும் செஞ்சுக்க, ஊரை விட்டுரு!"

மழை சட்டென்று ஓய்ந்தது. விலகவில்லை, நாலு பக்கமும் சூழ்ந்து, ஒரு சொட்டும் விழாமல், அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் மெதுவாக முதல் கியரைப் போட்டான். வண்டி நகர, மழை வழிவிட்டது. ஏழுவிளைத் தெருவில் தோளில் மண் மூட்டையோடு நின்றவர்கள் அந்த வண்டிக்காக ஒதுங்கி நின்றார்கள். தெருவின் கோடியில் சாலை மறுபடி பிரிகிறது. வலது பக்கம் போனால் கண்மாய்க் கரை, இடது பக்கம் போனால் நாலு மைலில் கடல். பாக்கியத்தாய் அங்கே இறங்கிக்கொண்டாள். "பாத்துப் போங்க அண்ணாச்சி," என்றாள். அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

பூவலிங்கம் கையை வெளியே விட்டு, இடது பக்கத்துக்கான வட்டத்தைப் போட்டான். போட்டபடி இடது பக்கம் திரும்பினான். கண்ணாடியில் பார்த்தான்.

மழை திரும்பவில்லை. முக்கில், கண்மாய்க் கரைக்கும் கடலுக்கும் நடுவில், ஒருதரம் நம்பி ஏமாந்த யாரும் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றது. அதன் ஒரு ஓரம் ஏற்கெனவே கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூவலிங்கத்துக்கு அழுகை வந்தது. ஒரு கை காட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வதுதான் டிரைவர்கள் வழக்கம். அவன் கையை உள்ளே இழுக்கவில்லை. இரண்டாம் கியரில் போட்டு, ஸ்டியரிங்கை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் வட்டம் போட்டபடியே ஓட்டினான். கண்ணாடியைப் பிறகு பார்க்கவே இல்லை. பார்த்தால் நம்பிக்கை போய்விடும் என்று பயந்தான். ஒரு மைல் போனது. தோள் வலித்தது. வட்டம் போட்டான். உடைமரங்கள் போயின, உப்பளத்தின் பழைய கட்டடம் போயிற்று. இரண்டாம் மைலில் கை மரத்துவிட்டது, அது தன் கைதானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வட்டம் போட்டான். பின்னால் சத்தமே இல்லை. கரை உடைந்திருந்தால் இந்நேரம் சத்தம் கேட்டிருக்குமா என்று நினைத்தான், நூற்று நாற்பது வீடு என்று நினைத்தான், பாக்கியத்தாயின் இரண்டு பிள்ளைகளை நினைத்தான், வட்டம் போட்டான். அப்போது வண்டியின் பின்பக்கத் தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

ஒரே ஒரு சொட்டு. சிறிது தூரம் போன பிறகு இன்னொன்று. பிறகு தகரம் முழுக்க, அடியிலிருந்து நுனிவரை, சீராக, மிதமாக, புஞ்சை ஓரங்களில் அவன் கைக்குப் பெய்த அதே சத்தம். பூவலிங்கம் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே ஓட்டினான்.

சாலை கடற்கரை மணலில் முடிகிறது. அவன் கையை மடக்கித் தூக்கி நிறுத்தினான். மழையும் நின்றது. இனிமேல் அவனுக்குப் போக வழி இல்லை. திரும்பினால் அதுவும் திரும்பும். அவன் வண்டியை இடது ஓரத்தில் ஒதுக்கினான். ஐந்தாவது கை ஒன்றைத்தான் அவன் மழைக்கு இதுவரை காட்டியதே இல்லை. காட்டினால் இனி அது தன் பின்னால் வராது என்று அவனுக்குத் தெரியும், மழை இல்லாத மாசியில் கருங்காணி தன்னை என்ன சொல்லும் என்றும் தெரியும். மரத்த கையை வெளியே விட்டு, பின்னிருந்து முன்னால் வீசினான். நீ முன்னே போ.

மழை தயங்கியது. அவன் மறுபடி வீசினான். அது மெல்ல வண்டியின் வலது பக்கமாக, மரியாதையான இடைவெளி விட்டு, அவன் முழங்கையைக்கூட நனைக்காமல் கடந்து, மணலைத் தாண்டிக் கடலின் மேல் ஏறியது. முதல்முறையாகப் பூவலிங்கம் அதன் முதுகைப் பார்த்தான். அது சிறுத்துக்கொண்டே போயிற்று. அவன் வண்டியிலிருந்து இறங்கி, தொங்கிப்போன கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்று பார்த்தான்.

கடலும் வானமும் சேர்கிற இடத்துக்கு அருகில் போனதும் மழை வேகத்தைக் குறைத்தது. அதன் வலது பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு தாரை தனியே பிரிந்து, தண்ணீருக்கு மேல் படுக்கைவாட்டத்தில், நேராக நீண்டது. பின்னால் நிற்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருந்தது.

பிறகுதான் வலது பக்கம் திரும்பியது.